தொப்புள்ல தண்ணி கசியுது, கப்பு அடிக்குது... இதுக்கெல்லாம் டாக்டர்கிட்ட போகணுமா?

கேள்வி: ஜூன் 2, ராத்திரி 11:40

வயசு 29, ஆம்பள. எனக்கு தொப்புள் நல்லா ஆழமா உள்ள போயிருக்கும். கொஞ்ச நாளா பனியன்ல தொப்புள் பக்கம் மட்டும் மஞ்சளா வட்டம் விழுது. விரல் வச்சு மோந்து பாத்தா தாங்க முடியல, அழுகுன வாடை. வலி இல்ல, காய்ச்சல் இல்ல. அம்மா விளக்கெண்ணெய் வைக்க சொல்றாங்க, ரூம்மேட் டெட்டால் ஊத்த சொல்றான், மெடிக்கல்ல ஒரு க்ரீம் குடுத்தாங்க. மூணும் பண்ணியாச்சு, ரெண்டு நாள் நல்லாருக்கு, திரும்ப வருது. இதுக்குன்னு ஒரு டாக்டர்கிட்ட போயி சட்டைய தூக்கி காட்ட கூச்சமா இருக்கு. யாருக்காச்சும் இப்டி வந்திருக்கா?

ஜூன் 3, காலைல

மூணையும் நிறுத்து தம்பி. எண்ணெய், டெட்டால், க்ரீம் எதுவும் உள்ள போகக்கூடாது, ஒரு வாரம் காய விடு. குளிக்கறப்ப சோப்பு நுரைய விரல்ல தொட்டு உள்ள ஒரு சுத்து சுத்தி, நல்லா தண்ணி விட்டு அலசி, மெல்லிசு பருத்தி துணி முனைய முறுக்கி உள்ள விட்டு ஒத்தி எடு. தேய்க்காத, நோண்டாத. அப்புறம் ஃபேனுக்கு கீழ சட்டையில்லாம கொஞ்ச நேரம் மல்லாக்க படு. அவ்ளோதான் வைத்தியம்.

ஆழமான தொப்புள்ல வேர்வை, செத்த தோலு, எண்ணெய், துணி நூலு எல்லாம் போயி தங்கும், காத்து போகாது, அதுல கிருமி பெருகும், வாடை வரும். முக்காவாசி பேருக்கு இவ்ளோதான் கதை. காய்ஞ்சா நின்னுரும். நல்லா காய வச்சும் மறுபடி ஊறுதுன்னா மேல் தோலோட முடியற விசயம் இல்ல, உள்ள ஏதோ ஒன்னு ஒக்காந்துட்டு இருக்கு, அதை ஒரு ஜெனரல் சர்ஜன் வெளிச்சம் அடிச்சு பாக்கணும். எண்ணெயும் க்ரீமும் போட்டுட்டே இருந்தா கசியறது உடம்புல இருந்து வருதா நீ ஊத்துனது திரும்பி வருதான்னு டாக்டருக்கே தெரியாது.

ஜூன் 3, மத்தியானம்

காலைல வேலைக்கு கெளம்பற அவசரத்துல எழுதுனேன், இதையும் சேத்து படிங்க. அந்த ஒரு வாரம் எல்லாருக்கும் இல்ல. காய்ச்சல் இருந்தா, தொப்புளை சுத்தி சிவப்பு பரவிட்டே போனா, தொட்டா சுடுற மாதிரி வலிச்சா, கெட்டியா சீழ் வந்தா, ரத்தம் வந்தா, சமீபத்துல வயித்துல ஆப்ரேசன் ஆகியிருந்தா, சக்கரை இருந்தா, மாசமா இருந்தா, காத்திருக்காம போயி காட்டுங்க. தொப்புள் புடைச்சு, முன்னாடி அமுக்குனா உள்ள போயிட்டு இருந்தது இப்ப போகாம கல்லு மாதிரி நின்னு, வலியோட வாந்தியும் வந்தா அது குடலிறக்கம் சிக்கிக்கிட்டது. அதுக்கு 108, இந்த மாதிரி பக்கத்துல கேள்வி போட்டுட்டு உக்காரக்கூடாது.

ஜூன் 3, ராத்திரி

"நீங்க என்ன டாக்டரா, இவ்ளோ அத்துபடியா சொல்றீங்க"ன்னு கீழ ஒருத்தர் கேட்டிருக்கார். இல்லீங்க. திருப்பூர்ல பனியன் கம்பெனி, கட்டிங் செக்‌ஷன். நாளெல்லாம் பஞ்சு தூசிக்குள்ள நிக்கற பொழப்பு, அதோட எனக்கு வயித்துல காடு மாதிரி முடி. சாயந்திரம் வந்து குளிக்கறப்ப தொப்புளுக்குள்ள இருந்து ஒரு உருண்டை எடுப்பேன், நேவி ப்ளூ போட்டுட்டு போனா நேவி ப்ளூ உருண்டை, சந்தன கலர் போட்டா சந்தன கலர். வீட்டுல சிரிப்பாங்க.

அப்புறம் ஒரு சமயம் உருண்டை ஈரமா வர ஆரம்பிச்சுது. வாடை. பனியன்ல கறை. தோல் டாக்டர் பாத்துட்டு பவுடரும் மாத்திரையும் குடுத்தார், நின்னுச்சு, கொஞ்ச நாள்ல மறுபடி, இந்த தடவை லேசா ரத்தமும் கலந்து. அவரே சர்ஜனுக்கு எழுதி குடுத்துட்டார். சர்ஜன் என்னை படுக்க வச்சு, ரெண்டு விரலால தொப்புளை விரிச்சு, தலைல கட்டுற லைட்ட போட்டுட்டு, நீள மூக்கு இடுக்கிய விட்டு ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்க, ஒரு கத்தை முடி. பாத்ரூம் ஜாலி அடைப்புல இருந்து எடுக்கற மாதிரி வந்துட்டே இருக்குது. எனக்கு வலிய விட ஆச்சரியம்தான் ஜாஸ்தி, இவ்ளோ எங்க இருந்துச்சுன்னு.

விசயம் என்னன்னா உதிர்ற முடி பள்ளத்துக்குள்ள விழுந்து, நுனி ஊசி மாதிரி தோலை குத்தி உள்ள போயிருது. உடம்பு அதை முள்ளு குத்துன கணக்கா பாத்து சுத்தி சீழ் கட்டுது. பைலோனிடல் சைனஸ்னு சொல்றாங்க. சாதாரணமா இது வர்ற எடம் பின்பக்கம், வால் எலும்புக்கு கிட்ட. ரெண்டாம் உலகப்போர் அப்ப அமெரிக்க பட்டாளத்துல ஜீப்புல குலுங்கி குலுங்கி போனவங்களுக்கு நெறைய வந்ததால ஜீப் நோய்னே பேரு வச்சிருக்காங்க. தொப்புள்ல வர்றது அதோட தம்பி, வயித்துல முடி ஜாஸ்தி இருக்கற வயசு பசங்களுக்கு, அதுவும் ஆழமான தொப்புள்னா வரும். தம்பி, உனக்கும் அதுவா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், நான் பாக்கல.

முடிய எடுத்துட்டு, சுத்தி சரைச்சு, காய வைக்க சொன்னார். இப்படியே நெறைய பேருக்கு சரியாயிரும், திரும்ப திரும்ப வந்தா அந்த பள்ளத்தையே வெட்டி எடுத்து தைக்கணும்னார். எனக்கு வெட்ட வேண்டி வரல. சரைக்கறத மட்டும் விடறதில்ல.

ஜூன் 4

உருண்டைய பத்தி மூணு பேர் கேட்டிருக்கீங்க, உங்களுக்கெல்லாம் வேற வேலை இல்லையா. சரி, எனக்கும் இல்ல. இதை ஆராய்ச்சி பண்ணவங்களே இருக்காங்க. ஆஸ்திரேலியாவுல கார்ல் க்ருசெல்நிக்கினு ஒருத்தர் தொப்புள் பஞ்சு யாருக்கு வருது ஏன் வருதுன்னு ஊரெல்லாம் கேட்டு தொகுத்ததுக்கு 2002ல இக் நோபல் வாங்குனார், சிரிக்க வச்சு அப்புறம் யோசிக்க வைக்கற ஆராய்ச்சிக்கு குடுக்கற பரிசு அது. அதுக்கப்புறம் வியன்னாவுல ஸ்டைன்ஹவுசர்னு ஒரு வேதியியல்காரர் தன்னோட தொப்புள் பஞ்சையே 503 உருண்டை சேத்து எடை போட்டு 2009ல கட்டுரை எழுதுனார். வயித்து முடிதான் சட்டையில இருந்து நூலை சுரண்டி தொப்புளுக்குள்ள தள்ளிவிடுது, சரைச்சா உருண்டை நின்னுரும்னு சொல்றார். நான் சரைச்சதுல இருந்து எனக்கும் நின்னு போச்சு. திருப்பூர்ல நாலு பேரை புடிச்சு கேட்டிருந்தா 503 உருண்டைய ஒரு வாரத்துல குடுத்திருப்போம், அந்த மனுசன் வருசக்கணக்கா கஷ்டப்பட்டிருக்கார்.

உருண்டை வர்றது நோய் இல்ல. ஈரமா நாறிக்கிட்டு வந்தாத்தான் கவனிக்கணும்.

ஜூன் 5

கேள்வி ஒன்னு வந்திருக்கு, இதுக்கு நக்கல் பண்ண மாட்டேன். "எங்க மாமாவுக்கு 64 வயசு, தொப்புள்ல தண்ணி மாதிரி வருது, சீழ் இல்ல, ஒன்னுக்கு வாடை அடிக்குது, பிரமையா"ன்னு.

பிரமை இல்லாம கூட இருக்கலாம்ங்க. வயித்துக்குள்ள சிசுவா இருக்கறப்ப மூத்திரப்பைக்கும் தொப்புளுக்கும் நடுவுல ஒரு குழாய் இருக்கும், யூரக்கஸ்னு பேரு. பொறக்கறதுக்குள்ள அது அடைபட்டு வெறும் நாரா மாறிரும். சிலருக்கு முழுசா அடைபடாம நடுவுல ஒரு பை மாதிரியோ, தொப்புள் பக்கம் ஒரு பொந்து மாதிரியோ நின்னுரும், பல வருசம் ஒன்னும் பண்ணாது, பெரியவனான அப்புறம் கிருமி புடிச்சு சீழா கெளம்பும், அடிவயிறு வலிக்கும், ஒன்னுக்கு போறப்ப எரியும். அபூர்வமா, மூத்திரப்பைக்கு கீழ இருக்கற ப்ராஸ்டேட் சுரப்பி வீங்கி மூத்திரம் சரியா போகாத வயசானவங்களுக்கு உள்ள அழுத்தம் ஏறி பழைய வழி திரும்ப தொறந்துக்கும். உங்க மாமாவுக்கு ராத்திரி அடிக்கடி எந்திரிக்கறது, முக்கி முக்கி போறது இருக்கான்னு கேளுங்க. இருந்தாலும் இல்லாட்டியும் யூராலஜி டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க. ஸ்கேன், தேவைப்பட்டா சிடி எடுப்பாங்க. மூத்திரத்துல ரத்தம் வந்தா நாளைக்கே போங்க, அந்த குழாய் மிச்சத்துல புத்துநோய் வர்றது ரொம்ப அபூர்வம்தான், ஆனா வந்தா அப்படித்தான் வெளிய தெரியும். பெரியவங்களுக்கு இதுன்னு உறுதியானா பல சர்ஜன்கள் முழுசா எடுத்துரலாம்னு சொல்றது அதனாலதான்.

இதே மாதிரி குடலுக்கும் தொப்புளுக்கும் ஒரு குழாய் இருந்து மறையும். அது மறையாம நின்னா மலம் மாதிரியே கசியும், அது பெரும்பாலும் கொழந்தைலயே தெரிஞ்சுரும்.

ஜூன் 6

எண்ணெய் கோஷ்டி வந்துட்டாங்க. வாட்ஸப் ஃபார்வர்டு ஒன்ன அப்படியே ஒட்டியிருக்கார் ஒரு அண்ணன், தொப்புளுக்கு பின்னாடி 72,000 நரம்பு இருக்காம், பெச்சோட்டின்னு ஒரு சுரப்பி இருக்காம், ராத்திரி எண்ணெய் விட்டா கண்ணு தெரியும், முட்டி வலி போகும், ஒதடு வெடிக்காதாம்.

அண்ணா, அந்த சுரப்பி எந்த உடற்கூறு படத்துலயும் இல்ல. தொப்புள்ங்கறது கொடி விழுந்த தழும்பு. கொடிக்குள்ள ஒரு சிரை ரெண்டு தமனி ஓடிட்டு இருந்தது, பொறந்ததும் அடைபட்டு நாரா சுருங்கிருச்சு, எண்ணெய் அது வழியா கண்ணுக்கு போக ரோடே கெடையாது. சூட்டுக்கு விளக்கெண்ணெய் வைக்கறது எங்க ஆத்தாவும் பண்ணும், வெயில்ல கரும்பு வெட்டிட்டு வந்து படுத்தா ஜில்லுனு இருக்கும், அதை நான் குத்தம் சொல்ல மாட்டேன். நல்லா இருக்கற தொப்புள்ல ஒரு சொட்டு வச்சு காலைல கழுவுனா ஒன்னும் ஆகாது. கசியற தொப்புள்ல ஊத்துனா அழுக்கு ஒட்டி, ஈரம் தங்கி, பூஞ்சைக்கு விருந்து வச்ச மாதிரி. மஞ்சப்பொடி, திருநீறு, சுண்ணாம்பு எல்லாத்துக்கும் இதே பதில்தான், பொடி ஈரத்தோட சேந்து கெட்டியாகி மூடிக்கும், அடியில சீழ் நிக்கும்.

டெட்டாலை தண்ணி கலக்காம ஊத்துனவங்களுக்கு தோல் வெந்து அதுவே தனியா கசிய ஆரம்பிக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடும் அப்படியே, நுரை பொங்கறத பாத்து கிருமி சாகுதுன்னு சந்தோசப்படறோம், ஆறிட்டு இருக்கற சதையும் சேந்துதான் வேகுது.

ஜூன் 6, கொஞ்சம் கழிச்சு

"அப்ப தொப்புள்ல கிருமியே இருக்கக்கூடாதா"ன்னா, அப்படி இல்ல. அமெரிக்காவுல நார்த் கரோலினா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல ராப் டன்னு ஒரு உயிரியல்காரரோட குழு 60 பேர் தொப்புள்ல பஞ்சு விட்டு தடவி எடுத்து பாத்து 2012ல வெளியிட்டாங்க, மொத்தம் 2,368 வகை பாக்டீரியா. ஒருத்தர் தொப்புள்ல ஜப்பான் மண்ணுல மட்டும் பாத்திருந்த ஒரு வகை இருந்துச்சாம், அவர் ஜப்பானுக்கு போனதே இல்லையாம். பாஸ்போர்ட் இல்லாம சுத்துது பாருங்க. அதுங்க பாட்டுக்கு குடியிருக்கட்டும். ஈரமும் அடைப்பும் சேந்தாத்தான் அதுல சிலது ரவுடித்தனம் பண்ணும்.

ஜூன் 8

3ஆம் தேதி மத்தியான பதிவுல சக்கரைனு ஒரு வார்த்தைல தாண்டிட்டேன், மச்சான் அதை படிச்சுட்டு போன் போட்டு, "என் கதைய எழுது, பேர் போடாத"ன்னார்.

அவருக்கு கசிவை விட அரிப்புதான். தொப்புளும் அதை சுத்தியும் செக்கச்செவேல்னு, உள்ள வெள்ளையா தயிர் திரிஞ்ச மாதிரி படலம், ஓரத்துல சின்ன சின்ன சிவப்பு புள்ளி. அக்குள்லயும் தொடை இடுக்குலயும் அதே. கேண்டிடானு பூஞ்சை. ஆயின்மென்ட் போட்டா போகும், நிறுத்துனா வரும். தோல் டாக்டரம்மா தொப்புளை பாத்த கையோட "சாப்பிடாம வந்து ரத்தம் குடுங்க"ன்னு எழுதிட்டாங்க. வெறும் வயித்துல 126ஐ தொட்டாலே சக்கரை நோய்னு சொல்லுவாங்க, இவருக்கு 240 சில்லறை. மூணு மாச சக்கரை சராசரிய காட்டற HbA1c டெஸ்ட்ல 6.5 சதவீதம் வந்தாலே சக்கரை நோய், இவருது 10ஐ தாண்டி நின்னுச்சு. தாகம், ராத்திரி எந்திரிக்கறது, எளைச்சது எல்லாத்தையும் வெயில்னு நெனச்சிட்டு இருந்திருக்கார்.

இந்தியாவுல 10 கோடி பேருக்கு சக்கரை இருக்குன்னு 2023ல மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் கணக்கு சொல்லுச்சு, அதுல எத்தனை பேருக்கு தெரியாமலே இருக்கோ. அதனால நான் சொல்றது, 30 தாண்டுன யாருக்கு தொப்புள்ல திரும்ப திரும்ப பூஞ்சை வந்தாலும் க்ரீம் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு சக்கரை டெஸ்ட். மச்சானுக்கு சக்கரை எறங்குனதும் தொப்புளும் அடங்கிருச்சு.

ஜூன் 9

"உள்ள கருப்பா கல்லு மாதிரி ஒன்னு தெரியுது, நகத்துல எடுக்க வரல."

எடுக்காதீங்க. செத்த தோலும் எண்ணெய் பசையும் பல வருசம் சேந்து இறுகி கல்லா ஆகறது அது, தொப்புள் கல். ஆழமான தொப்புள், வயசானவங்க, குனிஞ்சு பாக்க முடியாத அளவுக்கு தொப்பை இருக்கறவங்க, இவங்களுக்குத்தான் ஜாஸ்தி. கல்லு சும்மா இருந்தா ஒன்னுமில்ல, அடியில புண்ணாச்சுன்னா கசியும். டாக்டர் கொஞ்சம் ஊற வச்சு இடுக்கில எடுத்துருவார். ஊக்கு, ஹேர்பின் விட்டு நோண்டுனா புண்ணாகும். அதோட கருப்பா இருக்கறதெல்லாம் கல்லுனு நம்மளா முடிவு கட்டவும் கூடாது, மச்சம் மாதிரி வர்ற தோல் புத்துநோயும் கருப்புதான், பாத்து சொல்றதுக்கு ஒரு கண்ணு வேணும்.

ஜூன் 11

இன்பாக்ஸ்ல ஒரு சகோதரி கேட்டது, அவங்க அனுமதியோட இங்க போடறேன். மாசாமாசம் தலைக்கு ஊத்தற அந்த நாலஞ்சு நாள்ல மட்டும் தொப்புள்ல வீங்கி வலிச்சு ரத்தம் கசியுது, அப்புறம் தானா நின்னுருது. ரெண்டு வருசமா இப்படி. மாமியார் யாரோ செய்வினை வச்சதா சொல்லி கோயிலுக்கு கூட்டிட்டு போயிருக்காங்க. டாக்டர்கிட்டயும் போயிருக்காங்க, ஆனா ஒவ்வொரு தடவையும் புண்ணுன்னு மாத்திரை, முடியறப்ப எப்படியும் நின்னுருதா, மாத்திரை கேட்டுச்சுனு நெனச்சிருக்காங்க.

இது எனக்கு தெரியாத ஏரியா, அதனால எங்க கம்பெனி டாக்டரம்மாகிட்ட கேட்டேன். எண்டோமெட்ரியோசிஸா இருக்கலாம்னாங்க. கருப்பை உள்பக்கம் இருக்கற சவ்வு மாதிரியான திசு வேற எடத்துல வளர்றது. அந்த திசுவுக்கு மாசக்கணக்கு தெரியும், கருப்பைல ரத்தம் போறப்ப இதுவும் ரத்தம் விடும். தொப்புள்ல வர்றது அபூர்வம், சிசேரியனோ, சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு பண்ற லேப்ராஸ்கோப்பியோ ஆனவங்களுக்கும் வரும், எந்த ஆப்ரேசனும் ஆகாதவங்களுக்கும் வரும். 1886லயே வில்லார்ங்கற ஃபிரெஞ்சு டாக்டர் இதை எழுதி வச்சிட்டார், அவர் பேர்லதான் வில்லார் கட்டினு சொல்றாங்களாம். 140 வருசம் ஆச்சு, நாம இன்னும் எலுமிச்சம்பழம் சுத்திட்டு இருக்கோம்.

ரத்தம் வர்ற தேதிய மூணு மாசம் காலண்டர்ல வட்டம் போட்டு, பக்கத்துலயே தலைக்கு ஊத்துன தேதியையும் எழுதிட்டு லேடி டாக்டர்கிட்ட போங்க. "தொப்புள்ல ரத்தம் வருது"ன்னா புண்ணு மருந்து தர்றாங்க, "அந்த நாள்ல மட்டும் வருது"ன்னா அவங்க யோசிக்கறதே வேற. முடிஞ்சா வீங்கியிருக்கற நாள்ல போங்க, போட்டோவும் எடுத்து வச்சுக்கங்க. மூணு மாசம் காத்திருக்கணும்னு இல்ல, பழைய மாசம் ஞாபகம் இருந்தா அதை எழுதிட்டு இந்த வாரமே போகலாம்.

ஜூன் 12

"தொப்புள் அழுக்குக்கு புத்துநோய் வரைக்கும் இழுத்து பயமுறுத்தறீங்க"ன்னு ஒருத்தர் திட்டியிருக்கார். நியாயம்தான். கசிவோட வர்ற நூறு பேரை நிக்க வச்சா அழுக்கு, பூஞ்சை, சாதா கிருமி, இதுலயே கூட்டம் முடிஞ்சுரும்னு நானும் நம்பறேன். ஆனா அபூர்வமானத சொல்லாம விட்டா அது யாருக்கு இருக்கோ அவன் மட்டும்தான் மாட்டறான்.

திட்டுனதுக்காகவே இன்னொன்னும் சொல்றேன். அமெரிக்காவுல மினசோட்டா, ராசெஸ்டர்ல செயின்ட் மேரிஸ் மருத்துவமனைல சிஸ்டர் மேரி ஜோசப்னு ஒரு கன்னியாஸ்திரி, டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆப்ரேசன்ல கை உதவி. நோயாளிய ஆப்ரேசனுக்கு தயார் பண்றப்ப வயித்தை கழுவி தொடைக்கறது அவங்க வேலை. தொப்புள்ல கெட்டியா கட்டி தட்டுப்படறவங்களுக்கு வயித்த தொறந்தா உள்ள புத்துநோய் பரவியிருக்குன்னு தொடைச்சு தொடைச்சே கண்டுபுடிச்சாங்க. மேயோ 1928ல அதை எழுதுனார். 1949ல ஹாமில்டன் பெய்லினு ஒரு இங்கிலாந்து சர்ஜன் அந்த கட்டிக்கு அந்தம்மா பேரையே வச்சார், அதுக்குள்ள அவங்க எறந்து பத்து வருசம் ஆயிருச்சு. இரைப்பை, குடல், கணையம், பொம்பளைங்களுக்கு சினைப்பை, இங்கிருந்தெல்லாம் தொப்புளுக்கு வரலாம். கட்டி கெட்டியா, கோணல்மாணலா, சில சமயம் மேல புண்ணாகி கசியும்.

அதனால வயசானவங்க யாருக்காச்சும் தொப்புள்ல புதுசா கெட்டி கட்டி, கூடவே எளைச்சுட்டே போறாங்க, பசியில்ல, வயிறு உப்புது அப்படின்னா காய வச்சு பாக்கற வைத்தியம் வேண்டாம். திட்டறவங்க திட்டிக்கங்க.

ஜூன் 15

லேப்ராஸ்கோப்பிக்கு அப்புறம் கசியுதுன்னு ரெண்டு பேர். ஒருத்தரோட அம்மாவுக்கு பித்தப்பை எடுத்து தையல் எல்லாம் ஆறி, நல்லாதான் இருக்குன்னு நெனச்சப்ப, ஒரு மாசம் கழிச்சு தொப்புள் ஓட்டைல சின்ன கட்டி, ஒடைஞ்சு தண்ணியா சீழ். ஆப்ரேசன் பண்ண எடத்துல ஆன்டிபயாடிக் மாத்தி மாத்தி குடுத்தும் ஆறல, "சக்கரை இருந்தா அப்படித்தான் ஆறும்"னு சொல்றாங்களாம், அம்மாவுக்கு சக்கரையே இல்லையாம்.

இதுல கொஞ்சம் நிதானமா யோசிக்கணும். ஆப்ரேசன் ஆன வாரமே வர்ற சீழ் சாதா கிருமி, மருந்துக்கு கேட்கும். மூணு நாலு வாரம் கழிச்சு, காய்ச்சல் இல்லாம, கட்டி கட்டியா வந்து ஒடைஞ்சு, வழக்கமான மருந்துக்கு அடங்காம இருந்தா வேற வகை கிருமி சந்தேகம் வரணும். டிபி கிருமியோட சொந்தக்கார கூட்டம் ஒன்னு இருக்கு, மைக்கோபாக்டீரியா வகை, தண்ணியிலயும் மண்ணுலயும் இருக்கும், லேப்ராஸ்கோப்பி கருவிய சரியா ஸ்டெரிலைஸ் பண்ணாம, இல்ல மருந்துல முக்கி எடுத்து குழாத்தண்ணில அலசி வச்சா அதுல ஒட்டிக்கும். நம்ம நாட்டு ஆஸ்பத்திரிகள்ல இருந்தே இதை பத்தி நெறைய கட்டுரை வந்திருக்கு. அதுக்கு கிளாரித்ரோமைசின் மாதிரி மருந்தை வேற மருந்தோட சேத்து மாசக்கணக்குல சாப்பிடணும், சில சமயம் அந்த எடத்த வெட்டியும் எடுக்கணும். அஞ்சு நாள் மாத்திரை, ஏழு நாள் மாத்திரை எல்லாம் வேலைக்கே ஆகாது.

டாக்டர்கிட்ட கேக்க வேண்டியது: "சீழை கல்ச்சருக்கு, அதாவது என்ன கிருமி வளருதுன்னு பாக்க லேப்புக்கு அனுப்பலாமா, மைக்கோபாக்டீரியாவுக்கும் சேத்து பாக்க சொல்லலாமா?" அதை தனியா எழுதி அனுப்புனாத்தான் லேப்ல பாப்பாங்க. இல்லைன்னா "கிருமி வளரலை"ன்னு பேப்பர் வரும், எல்லாரும் நிம்மதி ஆயிருவாங்க, சீழ் மட்டும் வந்துட்டே இருக்கும். உள்ள நின்ன தையல் முடிச்சு, ஆப்ரேசன்ல சிந்துன பித்தக்கல் துண்டு, இதுவும் காரணமா இருக்கும், ஸ்கேன்ல தெரியலாம். ஆப்ரேசன் பண்ணவங்க கேட்க மாட்டேங்கறாங்கன்னா டிஸ்சார்ஜ் சம்மரியோட வேற சர்ஜன்கிட்ட போங்க, அது துரோகம் இல்ல.

ஜூன் 17

தம்பி பதில் போட்டிருக்கான், எல்லாரும் போயி படிங்க. காய வச்சதுல வாடை போயிருச்சாம், கசிவு நின்னுருச்சாம், ஆனா தொப்புளை சுத்தி வளையம் வளையமா சிவந்து பரவுது, ஓரம் மேடா இருக்குன்னு போட்டோ.

மெடிக்கல்ல குடுத்த க்ரீம் பேரை கேட்டேன், அனுப்புனான். அட்டைல படிச்சா மூணு மருந்து கலவை, பூஞ்சைக்கு ஒன்னு, பாக்டீரியாவுக்கு ஒன்னு, கூட ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு போட்டதும் அரிப்பும் சிவப்பும் சட்டுனு அமுங்கும், அதான் "ரெண்டு நாள் நல்லாருக்கு". அடியில படர்தாமரை நிம்மதியா வளரும், நிறுத்துனதும் முன்ன விட பெருசா வரும். இந்தியா பூரா படர்தாமரை மருந்துக்கு அடங்காம போனதுல இந்த கலவை க்ரீமுக்கு பங்கு இருக்குன்னு தோல் டாக்டர்கள் சங்கம் வருசக்கணக்கா கத்திட்டு இருக்கு, 2018ல பல ஸ்டீராய்டு க்ரீமை சீட்டு இல்லாம விக்கக்கூடாதுன்னு கவர்மெண்டும் சொல்லுச்சு. கடைல இன்னைக்கும் கேட்டா குடுப்பாங்க.

நீ போக வேண்டியது தோல் டாக்டர்கிட்ட தம்பி, சர்ஜன் இப்ப வேண்டாம். போட்ட க்ரீம் ட்யூபையும் கையில எடுத்துட்டு போ. கூச்சத்துக்கு ஒன்னு சொல்றேன், அவங்க அன்னைக்கு காலைல இருந்து பாத்ததுல உன் தொப்புள்தான் டீசண்டான எடமா இருக்கும்.

ஜூன் 20

தொப்புளுக்கு சம்பந்தம் பாதிதான், இருந்தாலும் நாலு பொம்பளைங்க கேட்டுட்டாங்க. பாவாடை நாடா எறுக்கி கட்டற எடத்துல, இடுப்ப சுத்தி கருத்து, தோல் உரிஞ்சு, சிலருக்கு புண்ணு. வேர்வை, அழுத்தம், உரசல். கழனில வேலை பாக்கறவங்களுக்கு ரொம்ப. வருசக்கணக்கா ஆறாம இருந்த நாடா புண்ணுல புத்துநோய் வந்த ரெண்டு பேரை பத்தி பிஎம்ஜே கேஸ் ரிப்போர்ட்ஸ்ங்கற மருத்துவ பத்திரிகைல 2024ல நம்ம நாட்டு டாக்டர்களே எழுதியிருந்தாங்க. நாடாவுக்கு பதிலா அகலமான எலாஸ்டிக், தளர்வா. ஆறாத புண்ணுன்னா காட்டணும். அரணாக்கொடி கட்டற ஆம்பளைங்களும் குளிச்சா கயித்த தொடைங்க, ஈரக்கயிறு நாளெல்லாம் வயித்தோட ஒட்டிட்டே இருக்கும்.

தொப்புள்ல வளையம் குத்துன பொண்ணு ஒன்னும் கேட்டிருக்கு. ஆற ஆறு மாசம், ஒரு வருசம் கூட ஆகும்மா. வெள்ளையா லேசா தண்ணி வந்து பொருக்கு தட்டறது ஆர்றப்ப சகஜம். மஞ்சளா பச்சையா சீழ், சூடு, வீக்கம்னா டாக்டர். வளையத்த நீயா கழட்டிராத, ஓட்டை மூடி சீழ் உள்ள மாட்டிக்கும், அவங்க பாத்து சொல்லட்டும்.

பச்சக்கொழந்தை தொப்புளை பத்தி இங்க கேக்காதீங்க, அது முழுக்க வேற. கொடி விழுந்த எடம் சுத்தி சிவந்தா, கொழந்தை பால் குடிக்காம சோர்ந்தா அன்னைக்கே ஆஸ்பத்திரி.

ஜூன் 28

யார்கிட்ட போறதுன்னு இன்னும் கேட்டுட்டே இருக்காங்க. அரிப்பு, வளையம், படலம்னா தோல் டாக்டர். உள்ள ஓட்டை தெரியுது, முடி, கல்லு, சீழ், கட்டின்னா ஜெனரல் சர்ஜன். மூத்திர வாடைன்னா யூராலஜி, தலைக்கு ஊத்தற நாள்ல மட்டும் ரத்தம்னா லேடி டாக்டர். கவர்மெண்ட் ஆஸ்பத்திரில காலைல ஓபி சீட்டு போடற எடத்துலயே "தொப்புள்ல சீழ்"னு சத்தமா சொல்லுங்க, சர்ஜரி ஓபிக்கு அனுப்பிருவாங்க. போறதுக்கு முன்னாடி பளபளன்னு கழுவி மருந்து தடவிட்டு போகாதீங்க, கசியறத அவங்க பாக்கணும், சீழ் எடுத்து அனுப்பவும் அதான் வேணும். அலைஞ்சு போயி காஞ்ச தொப்புளை காட்டுனா "நல்லாத்தான இருக்கு"ன்னு அனுப்பிருவாங்க.

ஜூலை 1

சரைக்கறதுக்கு பிளேடா ட்ரிம்மரான்னு கேட்டவருக்கு: ட்ரிம்மர். பிளேடுல பள்ளத்துக்கிட்ட கீறிருச்சுன்னா அது தனி புண்ணு. வெட்டுன முடி உள்ள விழும், அதனால குளிக்கறதுக்கு முன்னாடி பண்ணுங்க, அப்புறம் தண்ணி விட்டு அலசுங்க. வீட்டுல தலைக்கு வச்சிருக்கற ட்ரிம்மரை எடுக்காதீங்க, எங்க வீட்டுல பையன் பாத்துட்டு பண்ண ரகளைல புதுசா ரெண்டு வாங்க வேண்டியதா போச்சு.